மனுவேல் மீனும் ஒரு கை உப்பும்

கஸ்பார் சொல்வதில் பாதி உண்மை என்று எங்கள் ஊரில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். எந்தப் பாதி என்பதில்தான் சண்டை. அவன் கப்பலில் சமையல்காரனாகத் தென்துருவத்துக் கடலுக்குப் போய்வந்தான் என்பதை நான் நம்புகிறேன், அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்திருக்கிறேன். அங்கே போய் என்ன செய்தான் என்பதை அவன் வாயாலேயே கேட்டுவிட்டு நீங்கள் ஒரு முடிவுக்கு வாருங்கள். எனக்கு அவன் மேல் ஒரு கோபம் உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் இந்தக் கதையைச் சொல்லி முடித்த வகையில் எனக்கு ஒரு முழு பார் ஐஸ் நஷ்டம்.

நான் லியோன், ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டர். அப்போது ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன, நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் தொழிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஐஸ் வாங்க ஆள் இல்லை. ஆனால் உட்கார ஆள் உண்டு. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது குளிர்ச்சியான இடம் என் கம்பெனி ஒன்றுதான். எங்களிடம் பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணீர் இருக்கும். அதற்குள் தகர டப்பாக்களை இறக்கி, டப்பாவில் நல்ல தண்ணீர் விட்டு உறைய வைப்போம். உப்புத்தண்ணீர் லேசில் உறையாது, அதுதான் தொழிலின் சூட்சுமம். மூலையில் எப்போதும் இரண்டு மூட்டை கல்லுப்பு கிடக்கும்.

அன்றைக்கு அசனக் கமிட்டி அங்கேதான் கூடியது. ஞாயிற்றுக்கிழமை அந்தோணியார் திருநாள். ஊர் முழுக்க, சாதி மதம் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனம். எங்கள் ஊர் அசனத்தில் மீன் குழம்புதான் பிரதானம். அதை வருஷா வருஷம் வைக்கிற பொனிப்பாஸ் பைக்கிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்தது அசன அகப்பை, ஆள் உயரம் இருக்கும். அதை இந்த வருஷம் யார் கையில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஒன்று, டவுனிலிருந்து கேட்டரிங்காரன். இல்லையென்றால் கஸ்பார்.

கஸ்பாருக்கு அந்த அகப்பை மேல் ஏன் அவ்வளவு ஆசை என்பது ஊருக்கே தெரியும். அவன் அப்பா மனுவேல் முன்பு ஒரே ஒரு தடவை அதைப் பிடித்தார். குழம்புக்கு உப்பு போட்டார். சப்பரம் வருகிற சத்தம் கேட்டு வெளியே ஓடிக் கும்பிட்டார். திரும்பி வந்து மறுபடியும் உப்பு போட்டார். அன்றைக்கு ஊரே குழம்பை ஒதுக்கிவிட்டு ரசத்தோடு எழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் உப்பு மனுவேல். கஸ்பாரின் கல்யாண அறிவிப்பை, ஓலை என்போம், கோயிலில் வாசித்தபோது, "மனுவேல் மகன் கஸ்பார்" என்று சாமியார் சொல்ல, பின்வரிசையில் ஒருவன் "எந்த மனுவேல்?" என்று கேட்க, பாதிக் கோயில் "உப்பு" என்று பதில் சொன்னது. மனுவேல் செத்த பிறகும் அந்தப் பேர் சாகவில்லை. கஸ்பாருக்கு வேண்டியது அந்தப் பேரைக் கழுவுவது, வேறொன்றும் இல்லை. அதற்கு ஒரே வழி, அதே அகப்பையால் ஊருக்கு ஒரு நல்ல குழம்பு ஊற்றுவது.

அவன் வந்து நின்றான். லுங்கி, தோளில் துண்டு, மேலுக்குச் சட்டை இல்லை. அப்போதுதான் நான் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டிருந்த ஐஸ் பார் ஒன்றைப் பார்த்தான். அதன் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றித் தூசியைக் கழுவினான். லுங்கியை நன்றாக விரித்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏல, அது விக்கிற ஐஸு" என்றேன்.

"இது ஐஸா, லியோன் அண்ணேன்? நான் வெந்நின்னுல்லா நினைச்சேன். தென்துருவத்துல நான் தலைக்கு வச்சுப் படுத்த ஐஸை நீங்க பாக்கணும்."

கமிட்டித் தலைவர் தொம்மாசி. முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர், பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்வார். "கதை வேண்டாம். கப்பல்ல எத்தனை பேருக்கு ஆக்கினே? உப்பு புளி கைக்கு நிக்குமா? அதை மட்டும் சொல்லு."

"அதைத்தான் மாமா சொல்ல வாறேன். ஆனா அதைச் சொல்லணும்னா மீன்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிச்சிட்டான்" என்றார் பொனிப்பாஸ்.

"அது மீன் பிடிக்கிற கப்பல் இல்ல, மாமா. மீனுக்குப் பேர் வைக்கிற கப்பல். யாரும் பாத்திராத ஆழத்துல, யாரும் பாத்திராத மீனைப் பிடிச்சு, இது இன்ன மீன்னு எழுதி வைக்கணும். அதுக்குப் படிச்சவங்க நாப்பது பேரு. அவங்க எல்லாருக்கும் தலைவி இங்கிரிட் அம்மா. நான் பண்டாரி, அடுக்களை என் பொறுப்பு."

"மீனுக்குப் பேர் வைக்க ஒரு கப்பலா? இங்க பேர் உள்ள மீனே அம்புட மாட்டேங்கு" என்றார் பொனிப்பாஸ்.

"குளிர் எப்பிடில?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அது என் தப்பு.

"குளிரா? ரசத்தை அகப்பையில மொண்டு ஊத்தினா கிண்ணத்துக்கு வந்து சேராது அண்ணேன். பாதி வழியிலே கம்பியா நின்னுரும். அதை ஒடிச்சு ஆளுக்கு ஒரு துண்டு குடுத்துருவேன். சட்டைப் பையில போட்டுக்கிட்டு, வேலை பாத்துக்கிட்டே சப்பிக்கிடுவாங்க. சாம்பாரை ரம்பம் வச்சுத்தான் அறுக்கணும். முருங்கைக்காய் இருக்குற பக்கம் தனக்குத்தான் வேணும்னு டாக்டர்மாருக்குள்ள அடிதடியே நடந்திருக்கு."

"முருங்கைக்காய் அங்க எப்படிப் போச்சு?" என்றாள் செசிலி அக்கா. கமிட்டியில் ஒரே பெண் அவள்தான், கருவாட்டு வியாபாரம். ஊரில் உப்பைப் பற்றிக் கடைசி வார்த்தை அவளுடையது. சத்தம் போட்டுப் பேச மாட்டாள்.

"அது போன வழியை விடுங்கக்கா, இருட்டைக் கேளுங்க. ஆறு மாசம் பகலு, ஆறு மாசம் ராத்திரி. எங்க கப்பல்ல ஒருத்தனுக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரைன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அவனும் ஒழுங்கா வருசத்துக்கு ரெண்டு மாத்திரை தின்னுக்கிட்டுக் கிடந்தான்."

தொம்மாசி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். நான் சிரித்துவிட்டேன். கஸ்பாருக்கு அது போதும். யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் அவனை அப்புறம் ஆளாலும் நிறுத்த முடியாது, ஆண்டவனாலும் நிறுத்த முடியாது.

"வலை இறக்குதோம். ஆழம்னா உங்க ஆழம் இல்ல மாமா. நீங்க விசைப்படகு ஓட்டின ஆழம் எல்லாம் அங்க கால் கழுவுற தண்ணி. வலை இறக்குத மிஷின், வின்ச்சு, அதுல கயிறு இறங்குது, இறங்குது, இறங்கிக்கிட்டே இருக்கு. வின்ச்காரன் கல்யாணத்துக்கு லீவு போட்டுட்டு ஊருக்குப் போனான். கல்யாணம் முடிஞ்சு, பிள்ளை பிறந்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்து, விருந்து போட்டுட்டுத் திரும்பி வாறான், கயிறு இன்னும் இறங்கிக்கிட்டு இருக்கு. அந்தப் பிள்ளைதான் வளந்து வந்து வலையை ஏத்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அதனால நான் அதைச் சொல்லல."

"நீ போயிட்டு வந்ததே ஒன்றரை வருசம்தானல" என்றார் பொனிப்பாஸ்.

"நம்ம கணக்குக்கு ஒன்றரை, அண்ணேன். அங்க உள்ள ராத்திரியை வச்சுப் பாருங்க."

தொம்மாசி கையைத் தூக்கினார். "சரி, மீனு வந்துச்சா வரலையா?"

"வந்துச்சு. கண்ணாடி மாதிரி ஒரு மீனு. அந்தக் குளிர்ல ரத்தம் சிவப்பா இருந்தா கட்டியாயிருமாம், அதனால சில மீனுக்கு ரத்தமே வெள்ளைத் தண்ணியா இருக்கும். இது பொய் இல்ல, யாரை வேணும்னாலும் கேட்டுக்கோங்க. நான் சொல்லுத மீனுக்கு ரத்தம் மட்டும் இல்ல, தோலு, சதை எல்லாமே கண்ணாடி. அது வயித்துல ஒரு மீனு தெரிஞ்சுது. அதுவும் கண்ணாடி. அது வயித்துல இன்னொரு மீனு. இங்கிரிட் அம்மா லென்ஸை வச்சுப் பாத்துக்கிட்டே போறாங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஏழு மீனு, ஏழும் புதுசு. எட்டாவதுதான் கண்ணாடி இல்ல. டாக்டர்மாரு எல்லாம் திகைச்சு நிக்காங்க. நான் எட்டிப் பாத்தேன். நம்ம ஊரு நெத்திலி."

"தென்துருவத்துல நெத்திலியா" என்றேன்.

"அதையேதான் அவங்களும் கேட்டாங்க. நான் சொன்னேன், அம்மா, எங்க ஊருல தடைக்காலம், அது லீவுக்கு வந்திருக்கும்னு. அப்பிடியே எழுதிக்கிட்டாங்க."

செசிலி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பை மறைத்தாளா வேர்வையைத் துடைத்தாளா என்று சொல்ல முடியவில்லை. "மீனுக்கு எப்பிடில பேர் வைப்பாங்க? பிடிச்ச உடனே ஞானஸ்நானமா?"

"அப்பிடிக் கேளுங்கக்கா. அதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல மீனை வச்சு எல்லா அடையாளமும் எழுதணும். நீளம் எவ்வளவு, வாய் எவ்வளவு, துடுப்புல முள்ளு எத்தனை, எந்த உறுப்பு இருக்கு, எது இல்ல. அப்புறம் எங்க வாழும், என்ன திங்கும். அப்புறம் பழைய மீனு எல்லாத்தோடயும் ஒப்பிட்டு, இது மாதிரி வேற இல்லைன்னு சொல்லணும். எல்லாத்தையும்விட மாதிரிதான் முக்கியம். பிடிச்ச மீனுல ஒண்ணைக் கெடாம எடுத்து வைக்கணும். நாளைக்கு ஒருத்தன் வந்து காட்டுன்னா காட்டணும். மாதிரி இல்லைன்னா மீனும் இல்ல, பேரும் இல்ல."

"அப்ப உன் கதைக்கும் ஒரு மாதிரி காட்டு" என்றார் பொனிப்பாஸ்.

கஸ்பார் அதைக் காதில் வாங்கவில்லை. ஐஸ் மேல் கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்தான். உதடு லேசாக வெளுத்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் நான் கேட்கவில்லை. வெந்நீர் என்று சொன்னவன்தானே.

"இப்பத்தான் மாமா உப்புக் கதைக்கு வாறேன். ஒரு நாள் வலையில ஒரே ஒரு மீனு. ஒரு முழம் இருக்கும். கறுப்பு, தலை மட்டும் வெளிச்சம். எந்தப் புத்தகத்துலயும் அது இல்ல. டாக்டர்மாரு கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. அழுதாங்க. அன்னைக்குப் பாத்து அவங்க ஃப்ரிட்ஜு ரிப்பேரு."

"தென்துருவத்துல ஃப்ரிட்ஜு எதுக்குல?" இது பொனிப்பாஸ். அவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல முன்னால் நகர்ந்து கேட்டார்.

"வெளிய வச்சா ரொம்பக் குளுந்துரும் அண்ணேன். ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சாத்தான் கொஞ்சமாவது சூடு. குளிர் தாங்க முடியாத அன்னைக்கு நாங்களே உள்ள போயி ஆளுக்கு ஒரு தட்டுல உக்காந்துக்கிடுவோம்."

பொனிப்பாஸ் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"ரிப்பேருன்னதும் யாரோ ஒருத்தரு அந்த மீனைக் கொண்டாந்து என் அடுக்களை ஃப்ரிட்ஜுல வச்சிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் கதவைத் திறக்கேன், ஒரு முழத்துல பச்சை மீனு. நம்ம ஊர்க்காரன் என்ன செய்வான், நீங்களே சொல்லுங்க. ஒரு வருசமா ஐஸ் மீனும் டப்பா மீனும் ஆக்கிக் கை மரத்துப்போயிருக்கு. கண் முன்னால புது மீனு."

"ஏல, ஆக்கிட்டியா?" செசிலி அக்கா நிஜமாகவே பதறிவிட்டாள்.

"ஆக்கிட்டேன். கழுவி, துண்டு போட்டு, புளி கரைச்சு, தேங்காய் அரைச்சு, குழம்பு வச்சு இறக்கிட்டேன். நாப்பது பேரும் உக்காந்தாங்க. ஒரு முழ மீனு நாப்பது பேருக்கு எப்பிடிப் பத்துச்சுன்னு கேக்காதீங்க, குழம்பு பத்துச்சு. ஒருத்தரும் பேசல. தலை நிமிராம ரெண்டாம் சோறு வாங்கிச் சாப்பிடுதாங்க. அப்பத்தான் இங்கிரிட் அம்மா கை கழுவ எந்திரிச்சாங்க. ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்தாங்க. மூடினாங்க. மறுபடியும் திறந்தாங்க. என்னைப் பாத்து, கஸ்பார், இங்க இருந்த மீனு எங்கன்னு கேட்டாங்க. நான் அவங்க தட்டைக் காட்டினேன்."

இந்த இடத்தில் மீன் தெரியாத மனிதர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள். இருந்த ஒரே மீனையும் தொலைத்தவனின் பாடு எங்களுக்குத் தெரியும். கதை பொய் என்பது எங்களுக்கு அந்த நிமிஷம் மறந்தே போய்விட்டது.

"உலகத்துலே அந்த இனத்துல மனுசன் கண்ணால பாத்தது அந்த ஒண்ணுதான். அதுவும் இப்போ நாப்பது வயித்துல. நான் அப்பிடியே விழுந்து கும்பிட்டேன். அந்த அம்மா திட்டல. எல்லாரையும் பாத்து, யாரும் எந்திரிக்கக் கூடாது, எச்சிலைக் கொட்டக் கூடாது, தட்டுல இருக்குத முள்ளை எல்லாம் எடுங்கன்னாங்க. ராவும் பகலும், அங்க எல்லாம் ராதான், உக்காந்து முள்ளு முள்ளாச் சேத்து, அந்த மீனைத் திரும்பக் கட்டிட்டாங்க. நான்தான் பெரும்பாலும் கட்டினேன். படிச்சவங்க ஊசியை வச்சு முள்ளை எண்ணுவாங்க. நமக்கு நாக்குல்லா எண்ணும். வாயில போட்டு ஒரு உருட்டு, இது செவுள் முள்ளு, இது வால் பக்கத்து முள்ளுன்னு துப்பிச் சொல்லிருவேன். கடைசியில ஒரே ஒரு முள்ளு மட்டும் குறைஞ்சுது."

"எங்க போச்சு?" என்றார் தொம்மாசி. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"ஒரு பெரிய பேராசிரியர் தொண்டையில. வெள்ளைச் சோத்தை உருண்டை பிடிச்சு முழுங்கச் சொன்னேன், வாழைப்பழம் குடுத்தேன், போகல. சரி இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. இப்ப அந்த மீனு ஒரு மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. கீழ எழுதியிருக்கும், ஒரு முள் மட்டும் இன்ன பேராசிரியரின் தொண்டையில் உள்ளதுன்னு. யாராச்சும் மீனைச் சரிபாக்க வந்தா, அவருக்குப் போன் போவும். அவரு வந்து பக்கத்துல நின்னு வாயைத் திறந்து காட்டிட்டுப் போவாரு. வயசான மனுசன், பாவம், வேற ஊருக்கு மாற்றலும் வாங்க முடியல."

நான் தொட்டியின் மேல் சாய்ந்து சிரித்தேன். தொம்மாசியும் விட்டுவிட்டார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பொனிப்பாஸ்கூட மாவுக்கட்டால் வாயை மறைத்துக்கொண்டார். கஸ்பார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான்.

"இப்போ உப்பு. அந்த மீனைப் பத்தி எழுதி உலகம் பூரா அனுப்பினாங்கல்லா, அதுல எல்லா அடையாளமும் எழுதிட்டுக் கடைசியில ஒரு வரி. இங்கிரிட் அம்மா தன் கையால எழுதினது. 'சுவை நன்று. புளி சற்றுத் தூக்கல். உப்பு சரி.' உலகத்துல எந்த மீனுக்கும் இப்பிடி எழுதினது இல்ல. உப்பு சரின்னு அச்சுல வந்த ஒரே பண்டாரி நான்தான், மாமா."

"அந்த அச்சைக் காட்டு" என்றார் பொனிப்பாஸ்.

"கொண்டாந்தேன் அண்ணேன். அங்க காகிதம் நிக்காது, மை உறைஞ்சுரும், அதனால ஐஸ்லதான் செதுக்குவாங்க. பத்திரமாத் துணியில சுத்திக் கொண்டாந்தேன். கொச்சியில இறங்கினேன் பாருங்க, கையில துணிதான் இருந்துச்சு."

பொனிப்பாஸ் எழுந்துவிட்டார். "தலைவரே, கேட்டரிங்காரனுக்குப் போன் போடுங்க. இவன் குழம்பு வைக்க மாட்டான், கதைதான் வைப்பான். ஊரு அன்னைக்கு ஒரு தரம் ரசத்தோட எந்திரிச்சது போதும்."

கஸ்பார் முகம் மாறியது. பிறகு பேசியபோது குரலில் அந்த ஆட்டம் இல்லை.

"அந்த மீனுக்கு என் பேரை வைக்கேன்னாங்க, அண்ணேன். கண்டுபிடிச்சவன் தன் பேரைத் தானே வைக்கக் கூடாது, அடுத்தவங்கதான் வைக்கணும், அது அவங்க முறை. நான் வேண்டாம்னுட்டேன். எங்க அய்யா பேரை வையுங்கன்னேன். எப்பிடிப்பட்ட ஆளுன்னு கேட்டாங்க. நல்ல சமையல்காரருன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. மனுவேல்னு வச்சாங்க. வெறும் மனுவேல். அந்தக் கடல்ல எங்கயோ ஆழத்துல ஒரு மீனு போய்க்கிட்டு இருக்கு, அதுக்குப் பேரு மனுவேல். முன்னால ஒண்ணும் கிடையாது."

தொம்மாசி வெளியே பார்த்தார். பொனிப்பாஸ் நின்ற இடத்திலேயே நின்றார். பொய் என்று தெரிந்தும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டி மூடியைத் திறந்து மூடினேன்.

தொம்மாசி அவன் பக்கம் திரும்பினார். "சரில. எந்திரிச்சு வந்து அகப்பையைத் தூக்கிப் பாரு. கைக்கு நிக்குதான்னு பாப்போம்."

கஸ்பார் எழுந்திருக்கவில்லை.

"ஏல, உன்னைத்தான்."

"வாறேன் மாமா." இரண்டு கையையும் ஊன்றி ஒரு முறை எழும்பினான். ஐஸ் பாரும் கூடவே கொஞ்சம் எழும்பியது. அவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் இதுதான். அவன் உட்கார்ந்த இடம் உருகிப் பள்ளமாகியிருந்தது. அந்தத் தண்ணீரில் நனைந்து, சுற்றிலும் விரித்துப் போட்டிருந்த லுங்கி முழுவதும் பாரோடு உறைந்து பிடித்துக்கொண்டது. இழுத்தால் கிழியும். அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து வரலாம் என்றால் எதிரே செசிலி அக்கா. அவன் துண்டையும் சேர்த்து மேலே போர்த்திக்கொண்டான். பல் தந்தியடிக்க ஆரம்பித்தது.

"குளிருதோ?" என்று கேட்டேன்.

"சே, சே. வேர்க்கு" என்றான். அதைச் சொல்வதற்குள் அவனுக்கு மூன்று தடவை பல் மோதியது.

பொனிப்பாஸ் மெதுவாக வந்து அவனைச் சுற்றி நடந்தார். மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சந்தோஷம் வந்தது.

"தலைவரே, எழுதிக்கோங்க. இனம் புதுசு. நீளம் அஞ்சரை அடி. வாய் உடம்பைவிடப் பெரிசு. வாயை மூடுததுக்கு உள்ள எலும்பு பிறவியிலே இல்ல. மூச்சு விடாமப் பேசுதனால செவுள் இருக்கணும், காதுக்குப் பின்னால பாக்கணும். வெக்கம்னு ஒரு உறுப்பு எல்லா மீனுக்கும் உண்டு, இதுக்குத் தேடியும் காணல. வாழும் இடம், ஐஸ் கம்பெனி. இரை, அடுத்தவன் பொழுது. பழசு எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பாத்தாச்சு, இது மாதிரி வேற இல்ல."

"மாதிரி எடுத்து வைக்கணுமே, வே" என்றார் தொம்மாசி.

"அது ஏற்கெனவே ஐஸ்ல இருக்கு."

கஸ்பாரே சிரித்துவிட்டான், பல்லடித்துக்கொண்டே. நான் சுத்தியல் எடுக்கப் போனேன். செசிலி அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு எழுந்தாள். மூலைக்குப் போய் என் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு கை கல்லுப்பு அள்ளிக்கொண்டு வந்தாள். கருவாட்டுக்குத் தூவுகிற அதே கையால், லுங்கியின் ஓரத்தை ஒட்டி, அவனைச் சுற்றிலும் ஒரே சீராகத் தூவினாள். ஒரு பக்கம் கூடவும் இல்லை, ஒரு பக்கம் குறையவும் இல்லை. உப்பு விழுந்த இடத்தில் ஐஸ் சடசடவென்று நெகிழ்ந்தது, தண்ணீர் ஓடியது. துணி விட்டுக்கொடுத்தது.

"இப்ப எந்திரி" என்றாள்.

எழுந்தான். லுங்கி தகரம் மாதிரி விறைத்து நின்றது, அவன் அதற்குள் நடுங்கிக்கொண்டு நின்றான். என் ஐஸ் பாரில் ஒரு ஆள் உட்காரும் பள்ளம், சுற்றிலும் உப்பு. அதை இனி யாரும் வாங்க மாட்டார்கள்.

செசிலி அக்கா கையில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டாள். "உங்க அய்யா அன்னைக்கு உப்பு போட்டப்போ பக்கத்துல ஆள் இல்ல. ரெண்டாவது தரம் கையை விட்டப்போ, வே, போட்டாச்சுன்னு சொல்ல ஒரு நாதி இல்ல. அம்புட்டுத்தான் நடந்துச்சு. அதுக்கு நீ தென்துருவம் வரைக்கும் போயி மீனுக்குப் பேரு வைக்கணுமா?"

அவன் கண்ணைத் துண்டால் துடைத்தான், குளிருக்குத் துடைக்கிற மாதிரி.

அவள் தொம்மாசியைப் பார்த்தாள். தொம்மாசி பொனிப்பாஸைப் பார்த்தார். பொனிப்பாஸ் இடது கையால் அகப்பையை எடுத்து நீட்டினார்.

"அகப்பை நீ பிடி. உப்பு நான் போடுதேன்" என்றாள் செசிலி அக்கா.

கஸ்பார் அகப்பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. வாயும் திறந்துவிட்டது. "அக்கா, இதே மாதிரிதான் அங்க ஒரு நாளு, இங்கிரிட் அம்மா உப்பைக் கையில எடுத்துக்கிட்டு..."

"நட. நாலு மூட்டை வெங்காயம் உரிக்கணும்."